கையெழுத்து பொய்: கர்த்தாஸ் முதல் டின் டிக்கெட் வரை

ஏபிஐ வேலை பார்க்கிறவர்களிடம் 401-க்கும் 403-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் ஒரு நொடி யோசிப்பார்கள். 401 என்றால் "நீ யாருன்னே எனக்குத் தெரியல". 403 என்றால் "நீ யாருன்னு நல்லாத் தெரியும், ஆனா உனக்கு இங்க அனுமதி இல்ல". முதலாவது அடையாளப் பிரச்சினை, இரண்டாவது அதிகாரப் பிரச்சினை. இதில் வேடிக்கை என்னவென்றால், 401-க்கு நெறிமுறையில் வைத்த பெயரே 'அதிகாரம் இல்லை' என்று பொருள்படும் 'அன்ஆத்தரைஸ்டு'தான். 1996-ல் வந்த ஹெச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது, இன்றைக்கும் மாறவில்லை. அதனால் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் 401 வந்ததும் அனுமதிப் பட்டியலைத் தேடிப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். கோளாறு டோக்கனில் இருக்கும்.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் கடலில் இந்த இரண்டு கேள்விகளும் ஐந்நூறு வருஷமாகக் கேட்கப்பட்டு வந்திருக்கின்றன. பதில் சரியாக இல்லையென்றால் அங்கே எர்ரர் கோடு வராது, கப்பல் போய்விடும்.

போர்த்துக்கீசியர் இந்துமாக்கடலுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே ஒரு விதி போட்டார்கள். இனி யார் கப்பல் ஓட்டினாலும் எங்களிடம் ஒரு சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டுக்குப் பெயர் கர்த்தாஸ். காகிதத்தைக் குறிக்கும் 'கிர்தாஸ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இந்தக் கடலில் அதற்கு முன்னால் யாரும் யாரிடமும் சீட்டு வாங்கிக் கப்பல் ஓட்டியதில்லை. துறைமுகத்தில் சுங்கம் கட்டுவார்கள், அவ்வளவுதான். கடலுக்கே ஒரு உரிமையாளர் இருக்கிறார் என்பது புதுச் செய்தி.

கர்த்தாஸில் என்னென்ன இருக்கும்? கப்பலின் பெயர், நகுதாவின் பெயர், எவ்வளவு பெரிய கப்பல், எத்தனை ஆட்கள், என்ன ஆயுதம், எங்கிருந்து எங்கே போகிறது, எந்தத் தேதியில் கொடுத்தது. கூடவே தடைகள்: மிளகு மாதிரியான சரக்கு ஏற்றக் கூடாது, ஆயுதச் சரக்கு கூடாது, துருக்கியரை ஏற்றக் கூடாது. போகிற வழியில் போர்த்துக்கீசியத் துறையில் நின்று சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டும். கோட்டைத் தலைவன் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். இன்றைய டோக்கனைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம். யாருக்கு, யார் கொடுத்தது, எதுவரை செல்லும், என்னென்ன செய்யலாம், எல்லாம் உள்ளேயே இருக்கிறது. சீட்டுக்கு வாங்கிய கட்டணம் சொற்பம். சுங்கத்தில்தான் காசு.

இனி 1507. கண்ணூர்க் கடலில் ஒரு கப்பல். அதனிடம் கண்ணூர்க் கோட்டைத் தலைவன் லோரன்சோ டி பிரிட்டோ கொடுத்த கர்த்தாஸ் இருந்தது. கொன்சாலோ வாஸ் என்ற போர்த்துக்கீசியத் தளபதி அதை மறித்தான். சீட்டைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, இது பிரிட்டோவின் கையெழுத்தே இல்லை, பொய்ச் சீட்டு என்றான். சரக்கை எடுத்துக்கொண்டு, கப்பலில் இருந்தவர்களைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்துக் கடலில் மூழ்கடித்தான். பாய் பிரிந்து உடல்கள் கண்ணூர்க் கரையில் ஒதுங்கின. அதில் ஒன்று, அந்த ஊரின் பெரிய வணிகர் மம்மாலி மரைக்காரின் நெருங்கிய உறவினருடையது. ஊர் கொதித்தது. கோலத்திரி அரசரும் கோழிக்கோட்டுச் சாமூதிரியும் சேர்ந்து கண்ணூர்க் கோட்டையை முற்றுகையிட்டார்கள். நாலு மாதம் நீடித்த முற்றுகை, ஆகஸ்டில் போர்த்துக்கலிலிருந்து வந்த கப்பற்படை எட்டிப் பார்த்த பிறகுதான் முடிந்தது.

இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாஸின் கொடூரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொடூரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு அமைப்பின் ஓட்டைதான் முதலில் கண்ணில் படுகிறது. கையெழுத்துப் போட்டவன் கோட்டையில் இருக்கிறான். சரிபார்க்கிறவன் நடுக்கடலில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் பொதுவான ரகசியம் எதுவும் கிடையாது. பிரிட்டோவின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று வாஸுக்கு நினைவிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதைவிட மோசம், சீட்டு செல்லாது என்று சொன்னால் சரக்கு பறிமுதல், பறிமுதலில் பிடித்தவர்களுக்கும் பங்கு. அதாவது, சரிபார்க்கிறவனுக்கு 'தப்பு' என்று சொல்வதில் லாபம். மேல்முறையீட்டுக்கு வழியில்லை. இப்படி ஒரு வாசலை வைத்துவிட்டு, வாசல்காரன் நல்லவனா கெட்டவனா என்று விவாதிப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

இன்றைக்கு வெப்ஹுக்கில் இந்த இடத்தை நிரப்புவது ஹெச்மேக். 1997-ல் ஆவணமாக வந்த முறை. அனுப்புகிறவனிடமும் வாங்குகிறவனிடமும் ஒரே ரகசியச் சாவி. செய்தியையும் சாவியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு முத்திரை வரும். வாங்குகிறவன் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்ப்பான். ஒத்துப்போனால் உண்மை. வாஸ் மாதிரி 'எனக்கென்னவோ இது பொய் போலத் தெரியுது' என்று சொல்ல இடமில்லை. ஆனாலும் கையெழுத்து பொருந்தவில்லை என்ற புகார் வந்துகொண்டேதான் இருக்கும். நான் பார்த்தவரை போலிச் செய்தி ரொம்ப அபூர்வம். வந்த செய்தியை நடுவில் ஏதாவது ஒரு ஃப்ரேம்வொர்க் ஜேசனாகப் பிரித்துத் திரும்ப அடுக்கியிருக்கும், ஒரு இடைவெளி மாறியிருக்கும், முத்திரை பொருந்தாது. பிரிக்கும் முன்னால் வந்த பைட்டுகளை அப்படியே வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அல்லது சோதனைச் சாவியை நிஜச் சர்வரில் வைத்திருப்பார்கள். அல்லது சர்வரின் கடிகாரம் பிந்தியிருக்கும். பழைய செய்தியைத் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காகப் பல சேவைகள் ஐந்து நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். இன்னொரு திருட்டுப் பூனை, ரீடைரக்ட். வேறு முகவரிக்குத் திருப்பிவிடும்போது பல கிளையன்ட்கள் டோக்கன் இருக்கும் ஹெட்டரைப் பாதுகாப்புக்காகக் கழற்றிவிடும். அனுப்பினவன் "நான் அனுப்பினேனே" என்பான், வாங்கினவன் "வரவே இல்ல" என்பான். ரெண்டு பேர் சொல்வதும் உண்மை.

கர்த்தாஸுக்குத் திரும்புவோம். அக்பர் காலத்தில் இதில் வேறொரு சிக்கல் வந்தது. பதாயூனி எழுதியிருக்கிறார்: கடல் வழியாக ஹஜ் போக வேண்டுமானால் போர்த்துக்கீசியச் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டில் மரியாள், இயேசு உருவம் பதித்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு யாத்திரை போகலாமா? கூடாது, ஆகவே இப்போதைக்கு ஹஜ் கடமை இல்லை என்று தீர்ப்புச் சொன்ன மார்க்க அறிஞரும் இருந்தார். சீட்டு சரியாக இருந்தும், அதைக் கையில் வாங்கவே மனசு ஒப்பாத நிலை. இந்த வகைப் பிழைக்கு எங்கள் தொழிலில் எண் கிடையாது.

1613-ல் நடந்தது இன்னும் தெளிவான 403. ஜஹாங்கீரின் தாய் மரியம்-உஸ்-ஸமானியின் பெரிய கப்பல் ரஹீமி, சூரத்துக்கு அருகே போர்த்துக்கீசியரால் பிடிக்கப்பட்டது. முறையான கர்த்தாஸ் இருந்தது. யார் கப்பல் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. பேரரசரின் தாயார் கப்பல் என்று தெரிந்துதான் பிடித்தார்கள். ஆங்கிலேயருக்கு முகலாயர் இடம் கொடுத்தது பிடிக்கவில்லை, அதற்குப் பழி. பயணிகளோடு கோவாவுக்குக் கொண்டு போனார்கள். ஜஹாங்கீர் ஆக்ராவில் இருந்த ஏசுசபையாரின் கோயிலை மூடச் சொன்னார், டாமனை முற்றுகையிடப் படை அனுப்பினார். சீட்டு மாறவில்லை, சீட்டை மதிக்கிறவனின் கொள்கை மாறிவிட்டது. டோக்கனை எத்தனை முறை புதுப்பித்தாலும் தீராத பிழை இது.

எங்கள் கரையில் முத்துக்குளிப்பு நேர் எதிர் மாதிரி. 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. சலாபம் நடக்கும்போது யார் யார் எத்தனை ஆட்களைச் சும்மா, அதாவது வரி கட்டாமல், இறக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. அலகு 'கல்'. குளியாள் காலில் கோத்துக்கொண்டு மூழ்குகிற கல்தான். மதுரை நாயக்கருக்கு 96½ கல், சேதுபதிக்கு 60 கல், பரதவர் பட்டங்கட்டிகளுக்குத் தனிப் பங்கு, காயல்பட்டினத்து முஸ்லிம் தலைவருக்கும் பங்கு. அரைக் கல்லைக் கட்டிக்கொண்டு எவன் மூழ்குவான் என்று கேட்காதீர்கள். கல் அங்கே உரிமையின் அளவு. இந்தக் கரையில் அடையாளப் பிரச்சினை என்ற ஒன்றே இல்லை. பட்டங்கட்டி யார், மரைக்காயர் யார் என்று ஊருக்கே தெரியும், எவனும் சீட்டுக் காட்ட வேண்டாம். சண்டையெல்லாம் எண்ணிக்கையில்தான். சுறாவைக் கட்டுகிற கடல்கட்டிக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்க்கோ போலோவே அதை எழுதியிருக்கிறார், இருபதில் ஒன்று.

டின் டிக்கெட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் முதலில் எழுத நினைத்தேன்.

1890-களின் கடைசியில் பிளேக் பயத்தால் இலங்கை அரசு வடக்குப் பாதையை, மன்னார் வழியாகக் காட்டில் நடந்து மலைநாட்டுக்குப் போகிற வழியை, மூடியது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகள் எல்லாரும் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். தூத்துக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் தட்டப்பாறை ரயில் நிலையத்தின் பக்கத்தில் முகாம். அங்கே வைத்திருந்து, சோதித்து, ரயிலில் ஏற்றி, கரையிலிருந்து படகில் கொண்டு போய்க் கப்பலில் ஏற்றுவார்கள். நம் கடல் ஆழமில்லாதது, கப்பல் பல மைல் தள்ளித்தான் நிற்கும். அந்தப் பக்கம் ராகம முகாம்.

இந்தப் பயணத்துக்கு அடையாளம், நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகரத் துண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை. தோட்டம் அரசாங்கத்திடம் தகர வில்லைகளை வாங்கிக் கங்காணியிடம் கொடுக்கும். கங்காணி திருச்சி, சேலம், தஞ்சை என்று ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்து, ஆளுக்கு ஒன்று கொடுப்பான். கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வில்லையில் தோட்டத்துக்கான எண், ஆளுக்கான எண், அவ்வளவுதான். அதைக் காட்டினால் முகாமில் சாப்பாடு, ரயில், கப்பல் எல்லாம் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதைக் கங்காணி கணக்கில் எழுதும். கங்காணி கூலியின் தலையில் எழுதுவான்.

எங்கள் தொழிலில் இதைப் பேரர் டோக்கன் என்பார்கள். கையில் வைத்திருக்கிறவனுக்குச் செல்லும், பெயர் கேட்காது. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது, வில்லை யாரை அடையாளம் காட்டுகிறது என்பது. ஆளை இல்லை. முகாம் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது, பில்லை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்பது ஒன்றுதான். அடையாளம் உறுதியாவது தோட்டத்துக்கு. கழுத்தில் அதைத் தொங்கவிட்டவன் அனுப்பப்படும் பொருள். சரக்கு மூட்டையில் ஒட்டுகிற சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தோட்டத்துக்குள் போன பிறகு இன்னொரு சீட்டு: துண்டு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் இங்கே உள்ள கடனைக் கட்ட வேண்டும். 'இவ்வளவு தொகை கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறேன்' என்று துரை எழுதிக் கொடுக்கிற காகிதம்தான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு வேறு துரையிடம் போவான். அவர் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார், கடன் புதுத் தோட்டத்துக்கு மாறும், கூடவே கொஞ்சம் ஏறும். துண்டு இல்லாமல் வெளியேறினால் 1865-ம் வருஷத்து 11-ம் இலக்கச் சட்டப்படி ஓடிப்போன குற்றம், சிறை. உலகத்தில் மற்ற அனுமதிச் சீட்டெல்லாம் உள்ளே நுழைவதற்கு. இது வெளியே போவதற்கு. அதுவும் போகிறவன் கையில் இருக்காது.

1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியபின் கூலிகள் போகிற வழி மண்டபத்துக்கு மாறியது, தட்டப்பாறை மறந்துபோனது. துண்டு முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இருபத்தேழு வருஷம் கழித்து, 1948 குடியுரிமைச் சட்டம் அதே மக்களிடம் முதல் கேள்வியைக் கேட்டது: நீ யார்? அப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று கொண்டு வா. தாத்தா வந்தபோது அரசாங்கமே கொடுத்த ஒரே அடையாளத்தில் எண் மட்டும்தானே இருந்தது. 1949-ல் வந்த அடுத்த சட்டத்தின் கீழ், தொடர்ந்து குடியிருந்ததை நிரூபித்துக் குடியுரிமை கேட்கலாம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தவர்கள் சொன்னது பெரும்பாலும் 401 வகைக் காரணங்கள், ஆவணம் போதாது என்று. உண்மையில் அது 403. முடிவு முதலிலேயே எடுக்கப்பட்டிருந்தது என்பதுதான் என் எண்ணம்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். கையில் இந்திய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும். அந்த அட்டையைக் காட்டித்தான் உதவித்தொகையும் வேலையும் கேட்க வேண்டும். சிலருக்கு நூற்பாலை, சிலருக்கு வியாபாரக் கடன், சிலருக்கு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம். 1984-ல் கப்பல் நின்றது.