கரும்பிலிருந்து கொட்டாங்குச்சி வரை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் அணையில் தேங்குகிறது. அந்தத் தண்ணீரில் நெல்லோடு கரும்பும் விளைகிறது. கள்ளக்குறிச்சியின் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் ஒன்று மூங்கில்துறைப்பட்டில் இருக்கிறது, மற்றொன்று இதே கச்சிராயபாளையத்தில். வெள்ளிமலைக்கு ஏறும் பாதையும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. மலையிலிருந்து வந்த தண்ணீர் சர்க்கரையாகி, மழைக்காலத்தில் ஒரு தேனீப் பெட்டிக்குள் பாகாகத் திரும்பிப் போக இங்கே வழி இருக்கிறது.

வெட்டிய கரும்பை வைத்திருக்க முடியாது. மறுநாளுக்குள் அரவைக்குப் போகாவிட்டால் அதிலுள்ள சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியத் தொடங்கும், ஆலைக்கு அது நஷ்டம். ஆலை அஞ்சுகிற அந்த உடைப்பைத்தான் தேனீ தன் உமிழ்நீரிலுள்ள நொதியைக் கொண்டு வேண்டிச் செய்கிறது. சாற்றில் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்த்து அழுக்கைப் பிரித்து, காய்ச்சி, சுழற்றி எடுத்தால் 100 கிலோ கரும்புக்கு 9, 10 கிலோ வெள்ளைச் சர்க்கரை கிடைக்கிறது. தேனீக்குக் கொடுக்க வேண்டியது இந்த வெள்ளைச் சர்க்கரைதான். இயற்கையானது என்று நம்பி வெல்லத்தைக் கரைத்து வைப்பவர்கள் உண்டு. வெல்லத்தில் தங்கிவிட்ட உப்புகளும் கசடும் தேனீயின் வயிற்றைக் கெடுக்கும், கழிச்சல் வரும். மனிதனுக்கு நல்லதெல்லாம் பூச்சிக்கும் நல்லதென்று எடுத்துக்கொள்ள முடியாது.

அடைமழையில் பூவில் மது தங்காது, தேனீயாலும் வெளியே போக முடியாது. நம் மலைகளில் பெட்டி வைத்து வளர்க்கும் இந்தியத் தேனீக்கு ஒரு குணம் உண்டு. பசி முற்றினால் ராணியோடு மொத்தக் கூட்டமும் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். பாகு வைப்பது அதைத் தடுக்கத்தான். ஒரு பெட்டிக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அதில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி ஆறவிட்டால் போதும். சர்க்கரையை அடுப்பில் வைத்துக் காய்ச்சினால், தேனீக்கு ஆகாத பொருள்கள் பாகில் உண்டாகும்.

எதில் ஊற்றி வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டுத் தேனீ வளர்க்கப் போன சி.சி. மில்லரின் பெயரில் ஒரு தொட்டி இருக்கிறது. பெட்டிக்கு மேல் உட்கார்ந்து லிட்டர் கணக்கில் பாகு கொள்ளும். பெரிய கூட்டமாக வாழும் இத்தாலியத் தேனீக்கு அது சரி. நியூட்டன் பெட்டி எனப்படும் சின்னப் பெட்டியில் இருக்கும் நம் தேனீ அத்தனையையும் குடித்து முடிப்பதற்குள் பாகு புளித்துப்போகும். வாசலில் செருகும் பாட்டில், பார்க்க வசதி. ஆனால் அந்த வாசனைக்குப் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும், எறும்பும் வரும். பலவீனமான கூட்டம் ஒரே நாளில் அழிந்துவிடலாம். மூடியில் ஊசித்துளை போட்டு, பெட்டிக்குள் அடை தொங்கும் சட்டங்களின் மேல் கவிழ்த்த பாட்டில் அதைவிட மேல். அதிலும் ஒரு சிக்கல்: பாதி காலியான பாட்டிலுக்குள் இருக்கும் காற்று, குளிர்ந்த இரவுக்குப் பின் வெயில் ஏறும்போது விரிந்து பாகை வெளியே தள்ளும். அடையெல்லாம் ஒழுகும்.

என் ஓட்டு கொட்டாங்குச்சிக்கே. காலியான தேன் அறைக்குள், அடியறைச் சட்டங்களின் மேல் ஒரு கொட்டாங்குச்சியை ஆடாமல் வைத்து, வாரத்துப் பாகை இரண்டு மூன்று தடவையாக ஊற்றலாம். சொரசொரப்பான உட்புறத்தில் தேனீயின் கால் பிடிக்கும். ஆனாலும் நாலைந்து குச்சிகளோ வைக்கோல் துண்டுகளோ மிதக்க வேண்டும். அவற்றின் மேல் வரிசையாக நின்று, நாக்கை நீட்டித் தேனீக்கள் உறிஞ்சும். குச்சி போட மறந்தால் காலையில் பாகின் மேல் செத்த தேனீக்கள் மிதக்கும். பொழுது சாய்ந்த பிறகு ஊற்றுங்கள், ஒரு சொட்டும் வெளியே சிந்தக் கூடாது. எறும்பு ஏறாமலிருக்க, பெட்டி ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும். மிச்சம் புளித்திருந்தால் கொட்டிவிட்டுக் கழுவி வையுங்கள்.

இந்தப் பயணம் தேன் பாட்டிலில் போய் முடியக் கூடாது. கரும்பு காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் விதமும், தேனீ நாடும் பெரும்பாலான பூச்செடிகள் எடுக்கும் விதமும் வேறு. அந்த வேறுபாடு சர்க்கரையிலேயே பதிந்துவிடுவதால், தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதை ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். இந்திய உணவுத் தர விதி அதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 7 சதவீதம். தெரிந்தே கலப்பவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பூக்காலம் தொடங்கிய பிறகும் பாவம் பார்த்துப் பாகு ஊற்றுகிறவரின் தேனும் இந்தச் சோதனையில் சிக்கக்கூடும். ஆகவே மலையில் பூ வரத் தொடங்கியதும், தேன் அறையில் சட்டம் ஏற்றுவதற்கு முன்பே, கொட்டாங்குச்சியை வெளியே எடுத்துவிடுங்கள்.