புவிசார் குறியீடு

ஒரு பொருளின் தரமும் புகழும் அது உருவாகும் வட்டாரத்தைச் சார்ந்தவை என்று காட்டும் சட்டப் பெயர். புவி, சார், குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்த புதுச்சொல். 1999ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தை ஒட்டிப் பரவியது. உலகைக் குறிக்கும் ‘புவி’ ஒரு சிறு வட்டாரத்துக்கு நின்றது சற்றுப் பொருந்தாத தேர்வுதான், ஆனாலும் நிலைத்துவிட்டது.

நீலகிரியில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2013இல் பதிவான, தோடர் பழங்குடியினரின் பூத்தையல். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களைக் கொண்டு, வரைபடம் ஏதுமின்றி, இழைகளை எண்ணியே தோடர் பெண்கள் தைக்கிறார்கள். இத்தையல் கொண்ட புத்துக்குளி என்னும் போர்வை, இறந்தவர் உடலுக்கும் போர்த்தப்படுவது.

வணிக முத்திரையை இன்னொருவருக்கு விற்கலாம். புவிசார் குறியீட்டை விற்கவோ அடகு வைக்கவோ உரிமம் கொடுக்கவோ சட்டத்தின் 24ஆம் பிரிவு இடம் தராது. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். ஆயினும் அது காப்பது பெயரை மட்டுமே. தோடர் பெயரைச் சொல்லாமல், அவர்களது என்று காட்டிக்கொள்ளாமல், அந்தக் கோலத்தை மட்டும் இயந்திரத்தில் அச்சிட்டு விற்கும் ஆடை நிறுவனத்தை இச்சட்டத்தால் தடுப்பது கடினம்.