பல்லுக்குள் இருக்கும் உயிர்

சென்ற மாதம் என் பேத்திக்கு முன்பல் ஆடத் தொடங்கியது. மகள் போனில் கேட்டாள்: "அப்பா, பால் பல்லை எடுத்து உறைய வைத்துப் பத்திரப்படுத்தலாமாம். வருஷா வருஷம் பணம் கட்டணும். கட்டலாமாப்பா?" எனக்கு உடனே பதில் தெரியவில்லை. படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். படித்ததில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன்.

பிடுங்கிய பல்லிலும் கொஞ்ச நேரம் உயிர் இருக்கும் என்று காட்ட முயன்றவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். அப்போதுதான் பிடுங்கிய மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டார், அது ஒட்டிக்கொண்டது. 1771-ல் பற்களைப் பற்றி நூலும் எழுதினார். ஒருவர் பல்லை இன்னொருவர் வாயில் நடுவது அக்காலப் பணக்காரர்களிடம் பரவியது. பல்லைக் கொடுத்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். பல்லை எடுத்து வைக்க வழி இல்லாததால், அந்தப் பிள்ளையையும் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பிடுங்கினார்கள். தாமஸ் ரோலண்ட்சன் 1787-ல் வரைந்த கேலிச் சித்திரத்தில் இந்தக் கொடுமையைப் பார்க்கலாம். நட்ட பற்களில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. நோய் தொற்றும் என்ற பயமும் சேர, வழக்கம் மறைந்தது.

பல்லைப் பனிக்கட்டியில் வைத்தால் போதாதா? போதாது. உறையும்போது நீர் ஊசி ஊசியாகப் படிகமாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். 1949-ல் லண்டன் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் இதற்கு வழி கண்டார்கள். லேபிள் மாறிய ஒரு புட்டியில் இருந்த கிளிசரினால், உறைய வைத்த சேவல் விந்தணுக்கள் பிழைத்தன. இங்கேயும் சேவல்தான்!

பல்லில் காப்பாற்ற வேண்டியது வெள்ளைப் பகுதியை அல்ல. உள்ளே இருக்கும் சிவந்த கூழையும், வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வையும்தான். அமெரிக்காவில் ஆய்வு செய்த சாங்தாவோ ஷி, தம் ஆறு வயது மகளின் பால் பல்லுக்குள் சிவந்த திசுவைக் கவனித்தார். அதில் குருத்தணுக்கள் இருப்பதை 2003-ல் அவருடைய குழு வெளியிட்டது. ஜப்பானின் ஹிரோஷிமாவில், பல் வரிசையைச் சீராக்கப் பிடுங்கிய நல்ல பற்களை வேர்ச் சவ்வு சாகாமல் உறைய வைக்கும் பல் வங்கியே தொடங்கினார்கள். ஒருவருடைய பல் பின்னாளில் அவருக்கே பயன்படட்டும் என்பது நோக்கம். ஹன்டர் காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஆனால் பயன்? அடிபட்டுக் கூழ் செத்த முன்பற்களில், அந்தக் குழந்தைகளின் பால் பல் அணுக்களையே வைத்து மீண்டும் கூழ் வளர்த்ததாகச் சீன மருத்துவர்கள் 2018-ல் எழுதினார்கள். ஆயினும் இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. "கையில் மிச்சம் இருந்தால் கட்டும்மா. நாளைக்கு எல்லா நோயும் தீரும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டாதே" என்றேன்.

காசில்லாத யோசனை ஒன்றும் சொன்னேன். விழுந்து அடிபட்டு நிலைப் பல் முழுசாக வந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். அந்தச் சவ்வு உயிரோடிருந்தால் பல் மறுபடி ஒட்டும். பேரப் பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.