ராத்திரி எடுத்த ரத்தம்

எங்க ஆயாவுக்கு இடது கால் யானைக்கால். காஞ்சிபுரத்தில் காவா வார்ற வேலை செய்தாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ரத்தம் எடுக்க ஆட்கள் சேரிக்கு வருவார்கள். விரலில் குத்தி, கண்ணாடிச் சிலைடில் தேய்த்து எடுத்துப் போவார்கள். ஒருமுறை வந்து, “உனக்குப் புழு இல்ல” என்று சொன்னார்கள். ஆயா காலைக் காட்டி, “அப்ப இது இன்னா சார்?” என்றாள். பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் போனேன்.

1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற வெள்ளைக்கார மருத்துவர் மனித ரத்தத்தில் இந்தப் புழுவின் குஞ்சுகளைப் பார்த்தார். 1877இல் சீனத் துறைமுகமான அமோயில், அவை கொசுவுக்குள் வளர்வதைப் பேட்ரிக் மேன்சன் கண்டார். ரத்தத்தில் புழு இருந்த தன் வேலையாள் ஹின்லோவை அறையில் தூங்க வைத்து, கொசுக்களைக் கடிக்கவிட்டு, பிறகு அவற்றைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். மேன்சன் வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தையானார். உடம்பைக் கொடுத்த ஹின்லோ ஒரு வரியில் வந்து போகிறார்.

குஞ்சுகள் பகலில் நுரையீரல் நாளங்களில் தங்கி, ராத்திரியில் தோலோர ரத்தத்துக்கு வருகின்றன. கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான். 1955இல் தொடங்கிய தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் ராத்திரி ரத்தம் தேடியது இதனால்தான்.

ஆனால் வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்களில் வருஷக்கணக்காகக் குடியிருந்து, அவற்றைக் கெடுத்துவிட்டுச் சாகிறது. கால் வீங்கி முற்றிய பலருக்கு ரத்தத்தில் குஞ்சு இருப்பதில்லை. குஞ்சு நிறைந்த பலருக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை. ஒருவரிடமிருந்து நோய் பரவுமா என்பதைத்தான் சிலைடு சொல்கிறது. மாத்திரை கொடுத்துப் பரவலைத் தடுக்க அது தேவை. அவர் படும் பாட்டை அது சொல்லாது.

குழித்தறியில் உட்காரும் நெசவாளியையும், கோயில் வீதிக்காரரையும், எங்களையும் கொசு ஒன்றாகத்தான் கடித்தது. ஆனால் அது முட்டையிடும் சாக்கடை ஊரிலிருந்து எங்கள் தெரு வழியாகத்தான் ஓடியது. அதில் இறங்கியதும் எங்கள் கால்கள்தான். ரத்தத்தை எண்ணியவர்கள் அதை எந்தப் பதிவேட்டில் எழுதினார்கள்?

இப்போது பகலிலேயே செய்யும் அட்டைச் சோதனை வந்துவிட்டது. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் எல்லோருக்கும் வருஷாவருஷம் மாத்திரை கொடுத்ததில், தமிழ்நாட்டில் நோய்ப் பரவல் பெரிதும் குறைந்தது. இது பெரிய காரியம். ஆனால் வீங்கிய கால் மாத்திரையால் பழையபடி ஆகாது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, உயர்த்தி வைத்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும்.

இவ்வளவுதான் வைத்தியம். இதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு ராத்திரியும் யாரும் வரவில்லை, பகலிலும் வரவில்லை. ரத்தத்துக்காக ஆயாவின் விரலைத் தொட்டார்கள். அவள் சாகும்வரை அந்தக் காலை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.