பிளேஸ்டேஷன் 5: இந்திய வருகையும் அதற்கு முந்தைய ஊகங்களும்

சோனி நிறுவனத்தின் வீட்டு வீடியோ கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்த நாள் 2021 பிப்ரவரி 2. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பர் 12 அன்றே வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக் காலம் உலகெங்கும் ஊகங்களுக்குப் பஞ்சமில்லை. மற்ற நாடுகளில் உள்ளே என்ன சில்லு, பெட்டி என்ன வடிவம் என்று விவாதித்தார்கள். இங்கே கேள்வி வேறு: வருமா, எப்போது வரும், என்ன விலைக்கு? யாரும் ஊகிக்கத் தேவையே இல்லாத ஒன்று பெயர். இந்தியாவில் சிக்கலானது அதுதான்.

இந்த நாட்டில் கன்சோலுக்காகக் காத்திருக்கும் பழக்கமே புதிது. 1990களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'டிவி கேம்' என்று விளையாடியவற்றில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். கார்ட்ரிட்ஜுக்குப் பெயர் கேசட். சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் என்ன வந்து இறங்குகிறதோ அதுதான் வெளியீடு. பிளேஸ்டேஷன் போலவே தோற்றம் கொண்ட பெட்டிக்குள் பழைய ஃபேமிகாம் சில்லை வைத்து 'பாலிஸ்டேஷன்' என்றும் விற்றார்கள். அறிவிப்பே இல்லாத சந்தையில் ஊகத்துக்கு ஏது இடம்?

நிறுவனங்களே நேரடியாக வரத் தொடங்கிய பிறகுதான் தேதிக் கணக்கு பிறந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தது 2006 செப்டம்பரில். பிளேஸ்டேஷன் 3 அடுத்த ஏப்ரலில் 39,990 ரூபாய்க்கு வந்தது. 2013 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான பிளேஸ்டேஷன் 4 அடுத்த மாதமே, டிசம்பர் 18 அன்று, அதே 39,990 ரூபாய்க்கு இங்கே அறிமுகமானது. அதே நவம்பரில் அங்கே வெளியான எக்ஸ்பாக்ஸ் ஒன் இங்கு வரப் பத்து மாதம் ஆனது. ஆக, இந்திய ரசிகர் கையில் இருந்தவை இரண்டு முன்னுதாரணங்கள்: ஒரு மாதம் அல்லது பத்து மாதம்.

வன்பொருளைப் பற்றிய முதல் உறுதியான தகவல் வதந்தியாக வரவில்லை. வடிவமைப்பாளர் மார்க் செர்னியே 2019 ஏப்ரலில் 'வயர்டு' இதழுக்குச் சொன்னார்: ஏஎம்டியின் சில்லு, ரே டிரேசிங், ஹார்டு டிஸ்குக்குப் பதில் அதிவேக எஸ்எஸ்டி. அந்த ஆகஸ்டில் பிரேசில் நாட்டுப் பதிவேட்டிலிருந்து 'வி' வடிவப் பெட்டி ஒன்றின் படம் வெளியானது. அது கேம் தயாரிப்பாளர்களுக்கான சோதனைக் கருவி. கடைக்கு வரப்போவதே அதுதான் என்று நம்பியவர்களும் உண்டு. ஆண்டின் இறுதியில் கசிந்த ஏஎம்டி சோதனைக் குறிப்புகள் 36 கணிப்பு அலகுகள், 2.0 கிகாஹெர்ட்ஸ், 9.2 டெராஃப்ளாப் என்றன. 2020 மார்ச் 18 அன்று செர்னி வெளியிட்ட கணக்கு 36 அலகுகள், 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை, 10.28 டெராஃப்ளாப். அலகுகளின் எண்ணிக்கையில் கசிவு சரி, வேகத்தில் தவறு. கணிப்பு வேகத்தின் அளவான டெராஃப்ளாப்புக்காக ரசிகர்களிடையே நடந்த சண்டையில் பாதிக்கு மேல் வீண் என்றே சொல்ல வேண்டும். கேம் திறக்கும் நேரத்தை நொடிகளாகக் குறைத்தது 825 ஜிபி எஸ்எஸ்டி. பெட்டியின் உருவம் ஜூன் 11 அன்று வெளியானபோது, 39 சென்டிமீட்டர் உயரமும் வெள்ளை இறக்கைகளும் கொண்ட அதை எந்தக் கசிவும் காட்டியிருக்கவில்லை.

பெயருக்கு வருவோம். நின்டெண்டோ 'ரெவல்யூஷன்' என்று குறிப்பிட்டுவந்த கருவி 2006 ஏப்ரலில் 'வீ' ஆனது. 'என்எக்ஸ்' என்றது 2016 அக்டோபரில் 'ஸ்விட்ச்' ஆனது. 'எக்ஸ்பாக்ஸ் 720' என்று எல்லோரும் எதிர்பார்த்தது 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' என்று வந்தது. சோனி மட்டும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். 2019 அக்டோபர் 8 அன்று பெயரை முறைப்படி அறிவித்தபோது வியந்தவர் எவருமில்லை.

எல்லோருக்கும் தெரிந்த பெயரை யார் வேண்டுமானாலும் முதலில் பதிவு செய்யலாம். அதே அக்டோபர் இறுதியில் தில்லியைச் சேர்ந்த தனிநபர் ஒருவர் 'பிஎஸ்5' என்ற வணிகக் குறிக்கு இந்தியப் பதிவகத்தில் விண்ணப்பித்தார். சோனி விண்ணப்பித்தது 2020 பிப்ரவரியில்தான். முந்தைய விண்ணப்பம் வரிசையில் முன்னால் நின்றது. சோனி எதிர்ப்புத் தெரிவித்தது. 2020இல் செய்தி வெளியானதும், கன்சோல் வேறு பெயரில் வருமோ, வராமலேயே போகுமோ என்ற பேச்சு கிளம்பியது.

வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாத வழக்கு இது. உலகப் புகழ் மட்டும் இந்தியச் சட்டத்துக்குப் போதாது. டொயோட்டா 1997இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய 'பிரியஸ்' பெயரை, 2001 முதல் அதைப் பயன்படுத்திய இந்திய உதிரிபாக நிறுவனத்திடமிருந்து மீட்க முடியவில்லை. அந்தக் காலத்தில் இந்தியாவுக்குள் அப்பெயருக்கு நற்பெயர் இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சோனிக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. 'பிஎஸ்2', 'பிஎஸ்3', 'பிஎஸ்4' பல்லாண்டுகளாக இங்கே விற்றவை. தில்லி விண்ணப்பம் 2020 முடிவதற்குள் திரும்பப் பெறப்பட்டது.

தாமதத்துக்குப் பெயர்ச் சிக்கல்தான் காரணம் என்று பலர் முடிச்சுப் போட்டார்கள். சோனி செப்டம்பரில் சொன்னதோ, வெளியீடு அந்தந்த நாட்டின் இறக்குமதி விதிகளைப் பொறுத்தது என்பது மட்டுமே. அது வெறும் சாக்கு அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் தொகுக்கும் ஃபாக்ஸ்கான், சோனிக்குக் கன்சோல் தொகுத்தது சீனாவில். முழுப் பொருளாகக் கப்பலேறி வரும் கன்சோலுக்கு அப்போது சுங்க வரி 20 சதவீதம், ஜிஎஸ்டி 18 சதவீதம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவும் வேண்டும். 2012இல் வந்த அந்த ஆணையின் முதல் பட்டியலிலேயே வீடியோ கேம் கருவிகள் உண்டு.

அமெரிக்காவில் 499 டாலருக்கு விற்ற வட்டு இயக்கி உள்ள கன்சோலுக்கு இந்திய விலை 49,990 ரூபாய், வட்டு இல்லாததற்கு 39,990 ரூபாய். ஜனவரி 12 அன்று தொடங்கிய முன்பதிவு சில நிமிடங்களில் தீர்ந்தது. அதற்குள் பில் இல்லாத சரக்கு பல நகரங்களில் கூடுதல் விலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரப்பூர்வ விலையும் 2022 இறுதியில் 5,000 ரூபாய் ஏறியது.

ஜப்பானில் 'பிஎஸ்6' முதல் 'பிஎஸ்10' வரையான பெயர்களை சோனி முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருப்பது 2019 அக்டோபரில் செய்தியானது. இனி அடுத்த கன்சோலைப் பற்றி இங்கே ஊகிப்பவர் பெயரை விட்டுவிட்டு அரசாணைகளைப் படிப்பது நல்லது. 2024 நவம்பர் 7 அன்று வெளியான பிளேஸ்டேஷன் 5 புரோ இந்தியாவுக்கு வராததற்கு சோனி சொன்ன காரணம், அதன் வைஃபை 7 பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அப்போது அனுமதி இல்லை என்பது. அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் வெளியிட்டது.