ஜிம் நார்த்ரப்: சிரித்துக்கொண்டே எழுதிய வரலாறு

ஒடுக்கப்பட்டவர் ஒருவரின் எழுத்தைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் தேடுவது காயத்தை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து அனிஷினாபே கவிஞர் ஜிம் நார்த்ரப்பிடமும் (1943–2016) காயம் உண்டு. ஆனால் அதைத் தேடிப் போகிறவரை அவர் முதலில் சிரிக்கவைத்துவிடுவார்.

1854 ஒப்பந்தத்தில் அவருடைய மக்கள் பெரும் நிலப்பரப்பை அமெரிக்க அரசிடம் இழந்து, ஃபாண்டுலாக் போன்ற ஒதுக்கீட்டுப் பகுதிகளுக்குள் சுருங்கினார்கள். இழந்த நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஃபாண்டுலாக்கின் பிள்ளை நார்த்ரப். ஆறு வயதில் பைப்ஸ்டோன் அரசு உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பழங்குடிப் பிள்ளைகளை அவர்களுடைய மொழியிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிரிப்பதற்கென்றே நடத்தப்பட்ட பள்ளிகளில் அதுவும் ஒன்று. பிறகு மரைன் படைவீரராக வியட்நாம் போனார். தன் மக்களின் நிலத்தைப் பறித்த அரசுக்காக, இன்னொரு மக்களின் நிலத்தில் துப்பாக்கி பிடிக்க நேர்ந்தது. திரும்பிய பின்னும் போர் அவரை விடவில்லை. கவிதை அங்கிருந்துதான் வந்தது. 1993இல் வெளியான 'வாக்கிங் த ரெஸ் ரோடு' நூலில் கவிதையும் கதையும் மாறிமாறி வருகின்றன.

நம் கவனத்துக்கு உரியது அவருடைய பத்தி எழுத்தும்தான். 'ஃபாண்டுலாக் ஃபாலீஸ்' என்ற பத்தியை 1989இல் தொடங்கினார். கேள்வி பதில் நகைச்சுவை, ஊர்ச் செய்தி, மீன்பிடி உரிமைத் தகராறு, சூதாட்ட விடுதிப் பணம் எல்லாம் அதில் வந்தன. வெள்ளையரை மட்டுமல்ல, சொந்தப் பழங்குடி நிர்வாகத்தையும் கேலி செய்தார். இதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம் தலைவர்களைக் கேலி செய்தால் எதிரிக்கு வசதியாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்வது எந்த இயக்கத்துக்கும் பழக்கமானது. நார்த்ரப் அந்த பயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அந்தப் பத்திகள் பின்னர் 'அனிஷினாபே சிண்டிகேட்டட்' (2011) என்ற நூலில் தொகுக்கப்பட்டன. அரசு ஆவணத்தில் தீர்ப்பு இருக்கும். அதைக் கேட்ட ஊர் என்ன பேசியது என்பது இங்கேதான் இருக்கிறது.

எழுதாத நேரத்தில் ஏரியில் படகு விட்டுக் காட்டரிசி தட்டினார், மேப்பிள் சாறு காய்ச்சினார், பிர்ச் மரப்பட்டையில் முறம் தைத்தார். பிற்காலத்தில் ஒஜிப்வே மொழி முகாம்கள் நடத்த முன்நின்றார். மொழி தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அங்கே ஒன்றாகத் தங்கி, கையில் வேலையும் வாயில் சொல்லுமாகக் கற்றார்கள்.