ஆயமும் ஆசிரமமும்

மகளிர் ஒருவரோடொருவர் கூடி, ஒருவர்க்கொருவர் துணையாய் நிற்கும் பண்பு தமிழர்க்குப் புதிதன்று. சங்க அகப்பாடல்களைக் கற்றோர் ‘ஆயம்’ என்னும் சொல்லை நன்கு அறிவர். தலைவியோடு தினைப்புனம் காத்தும், கடற்கரையில் மணல்வீடு கட்டியும், அருவியில் ஆடியும் உடன் திரிந்த மகளிர் கூட்டமே ஆயம். அக்கூட்டத்துள் உயிருக்குயிராய் நின்றவள் தோழி. தலைவியின் துயரைத் தன் துயராகக் கொண்டு, அவள் காதலைப் பெற்றோர்க்குக் குறிப்பால் உணர்த்தி, அறத்தொடு நிற்பவள் அவளே.

ஆயினும் ஆயத்தின் வாழ்நாள் குறுகியது. தலைவி மணம் முடித்துச் சென்றதும் அவளைப் பொறுத்தவரை ஆயம் கலைந்துவிடுகிறது. மணத்திற்குப் பின்னும், மணவாழ்வு முறிந்துபோன பின்னும், பெண்ணுக்குப் பெண் துணையாகும் நிலையான அமைப்பு ஒன்று உண்டா? இவ்வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விடை தேடிய ஊர்களுள் முதல் வரிசையில் நிற்பது நாம் குடியேறி வாழும் இப்புனே நகரம். ஔந்தில் ஆண்டுக்கணக்காய் வாழ்ந்தும் நம்மில் பலர் அவ்வரலாற்றை அறியோம். அதனை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடந்த சகோதரியர்

அமெரிக்காவுக்கு மேற்படிப்பின் பொருட்டுச் சென்றுள்ள நம் பெண்மக்கள், அங்குள்ள கல்லூரிகளில் ‘சொராரிட்டி’ எனப்படும் மகளிர் சங்கங்களைப் பற்றிக் கூறக் கேட்டிருப்போம். கிரேக்க எழுத்துகளால் பெயர் பூண்டு, ஒரே இல்லத்தில் கூடி வாழ்ந்து, உறுதிமொழி ஏற்று, ஒருவரையொருவர் உடன்பிறந்தாராய்க் கருதும் மாணவியர் கூட்டம் அது. மூத்த மாணவி ஒருத்தி இளைய மாணவி ஒருத்திக்கு அக்காளாகி வழிகாட்டுவதும் அங்கு வழக்கம்.

இச்சங்கங்கள் களியாட்டத்திற்காகத் தோன்றியவை என்று கருதுவது பிழை. இந்தியானா மாநிலத்து ஆஸ்பரிக் கல்லூரி 1867இல்தான் மகளிர்க்குக் கதவு திறந்தது. அங்கே சேர்ந்த மாணவியர் மிகச் சிலர். வரவேற்றோர் அவரினும் சிலர். ஆண்கள் சங்கம் ஒன்று தன் சின்னத்தை அணிந்துகொள்ளுமாறு ஒரு மாணவியை வேண்டிற்றேயன்றி, உறுப்பினராக ஏற்க இசையவில்லை என்பர். பெட்டி லாக் என்னும் அம்மாணவி தோழியர் மூவருடன் 1870இல் ‘கப்பா ஆல்பா தீட்டா’ என்னும் சங்கத்தை நிறுவினார். தனித்து நின்றவர்கள் தற்காப்பின் பொருட்டு ஒன்றுகூடினர் என்பதே இதன் உட்பொருள்.

ஆனால் இச்சங்கங்களுக்கும் ஒரு வேலி இருந்தது. வெள்ளையர் சங்கங்கள் நெடுங்காலம் கறுப்பின மாணவியரை ஏற்கவில்லை. கறுப்பின மாணவியர் தமக்கெனத் தாமே அமைத்துக்கொண்ட முதற் சங்கம், 1908இல் வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘ஆல்பா கப்பா ஆல்பா’. பின்னாளில் அச்சங்கத்தில் சேர்ந்த மாணவியருள் ஒருவர் கமலா ஹாரிஸ். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்டு, மைய அரசுப் பணியில் இருந்த பி.வி. கோபாலனின் மகள்வயிற்றுப் பேத்தி அவர். 2021 முதல் 2025 வரை அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக விளங்கினார். நம் மண்ணின் உறவுடைய ஒரு பெண்ணுக்கு அச்சகோதரியர் கூட்டம் வாழ்நாள் முழுவதும் துணை நின்றது என்பது எண்ணத்தக்கது.

புனே நகரின் இல்லங்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே கல்லூரி வாயிலில் தடுக்கப்பட்டதைவிடப் பெருந்துன்பம் ஒன்று இருந்தது. பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் கணவனை இழந்து, தலை மழிக்கப்பட்டு, அடுக்களை மூலையில் ஒடுக்கப்பட்ட சிறுமியரின் துன்பம் அது.

முதற்கண் அதற்கு இரங்கியவர் மகாத்மா ஜோதிராவ் புலேயும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும் ஆவர். 1848இல் புனே பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி கண்ட இவ்விணையர், 1863இல் கருவுற்ற கைம்பெண்கள் அச்சமின்றி மகப்பேறு காண ஒரு புகலிடத்தைத் தம் இல்லத்திலேயே அமைத்தனர். அங்கு வந்த பிராமணக் கைம்பெண் ஒருத்தியின் மகனைத் தம் மகனாகவே ஏற்று வளர்த்தனர். ஔந்திலிருந்து நகருக்குச் செல்லும் வழியில் கணேஷ்கிண்டில் நாம் நாள்தோறும் காணும் பல்கலைக்கழகம் 2014 முதல் அவ்வம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்து வந்தவர் பண்டித ரமாபாய். 1858இல் பிறந்து, பெற்றோரிடம் வடமொழி கற்று, நாடெங்கும் நடந்து திரிந்து புராணம் சொல்லிப் பிழைத்த குடும்பம் அவருடையது. 1874ஆம் ஆண்டையொட்டிய பஞ்சத்தில், அன்றைய சென்னை மாகாணத்தில் அலைந்துகொண்டிருந்தபோதுதான் பெற்றோரைப் பறிகொடுத்தார். 1882இல் புனேயில் ‘ஆரிய மகிளா சமாஜம்’ கண்டார். 1883இல் இங்கிலாந்து சென்று கிறித்தவம் தழுவினார். 1886இல், மருத்துவப் பட்டம் பெற்ற தம் உறவினர் ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பைக் காண அமெரிக்கா சென்றவர், அங்கேயே தங்கி ஊர் ஊராய்ச் சொற்பொழிவாற்றினார். அந்நாட்டு மகளிர் ‘ரமாபாய் வட்டங்கள்’ அமைத்துப் பொருள் திரட்டினர். 1887இல் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் உருவாயிற்று. அமெரிக்கப் பெண்கள் தம் கல்லூரிகளில் சகோதரியர் சங்கம் வளர்த்த அதே ஆண்டுகளில், கண்ணால் காணாத இந்தியக் கைம்பெண்ணையும் சகோதரியாய்க் கருதி உதவினர்.

அப்பொருளைக் கொண்டு 1889இல் பம்பாயில் ‘சாரதா சதன்’ திறக்கப்பட்டது. மறு ஆண்டே புனேக்கு மாறியது. சாதி ஆசாரத்தைக் காப்போர் காத்துக்கொள்ளலாம் என்பது தொடக்க கால நெறி. எனினும் மாணவியர் சிலர் ரமாபாயின் வழிபாட்டில் கலந்துகொண்டனர் என்னும் செய்தி பரவவே, 1893இல் புயல் வீசியது. ‘கேசரி’ இதழ் கடுமையாகச் சாடியது. அறிவுரைக் குழுவில் இருந்த ரானடேயும் பண்டார்க்கரும் விலகினர். பெற்றோர் பலர் மகளிரை அழைத்துச் சென்றுவிட்டனர். பின்னர் ரமாபாய் புனேயை அடுத்த கேட்காவில் ‘முக்தி’ இல்லத்தை வளர்த்துப் பஞ்சத்தில் அனாதைகளான சிறுமியரை வாழவைத்தார்.

ஹிங்ணேயின் மண்குடில்

சாரதா சதனின் முதற் கைம்பெண் மாணவி கோதுபாய். அவருடைய அண்ணனின் நண்பர் தோண்டோ கேசவ கார்வே. ரமாபாய் பிறந்த அதே 1858ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிறந்தவர். பெர்குசன் கல்லூரிக் கணிதப் பேராசிரியர். மனைவியை இழந்திருந்த கார்வே, 1893இல் கோதுபாயை மணந்தார். ஆனந்திபாய் எனப் பெயர் பெற்ற அம்மணமகளைச் சொந்த ஊரான முருட் ஏற்கவில்லை. கார்வே குடும்பத்தையே ஊரார் விலக்கி வைத்தனர்.

மறுமணம் சிலர்க்கே வழியாகும். கல்வியோ அனைவர்க்கும் வழியாகும் என்று கார்வே தெளிந்தார். 1896இல் கைம்பெண் இல்லம் கண்டார். ஊருக்கு வெளியே ஹிங்ணேயில் கொடையாகக் கிடைத்த நிலத்தில், 1900ஆம் ஆண்டில் ஒரு குடில் எழுந்தது. சாலையில்லை, மழைக்காலத்தில் சேறு. கல்லூரியில் பாடம் சொல்லிவிட்டு, அக்குடிலுக்கு நாள்தோறும் நடந்தே சென்று வந்தார் கார்வே. இன்று கார்வே நகர் என்று நாம் அழைக்கும் பகுதி அதுவே.

அங்கு உருவான வாழ்க்கை எத்தகையது? ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் ஆத்தவலேயின் வரலாறே இதற்குச் சான்று. இருபது வயதளவில் கணவனை இழந்து, கையில் ஒரு மகனுடன் நின்றவர் அவர். ஹிங்ணேயில் மாணவியாய்ச் சேர்ந்து, ஆசிரியையாய் உயர்ந்து, இல்லத்துக்காக ஊர் ஊராய் நன்கொடை திரட்டினார். தலை மழிக்கும் வழக்கத்தைப் பின்னர்த் தாமே துறந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில், ஆங்கிலம் கற்கும் ஆவலால் 1918இல் அமெரிக்கா சென்று, வீட்டுவேலை செய்து வயிறு வளர்த்து, 1920இல் திரும்பி வந்தார். தன்னைக் காத்த இல்லத்தை முதுமையிலும் தான் காத்தார். வாங்கிய துணையைத் திருப்பியளித்தல் என்னும் இப்பண்பே சகோதரிமையின் உயிர்நிலை.

இப்பண்பை ஓர் அமைப்பாகவே ஆக்க விழைந்த கார்வே, 1908இல் ‘நிஷ்காம கர்ம மடம்’ நிறுவினார். பயன் கருதாது தொண்டாற்ற உறுதி பூண்டோரின் கூட்டம் அது. ஹோவர்டு மாணவியர் தம் சங்கத்தைக் கண்டதும் அதே 1908இல்தான் என்பது வியப்பான பொருத்தம். 1916இல் மகளிர் பல்கலைக்கழகம் தோன்றியது. ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு நூல் ஒன்று அதற்குத் தூண்டுகோல். 1920இல் விட்டல்தாஸ் தாக்கர்சே பதினைந்து இலட்சம் ரூபாய் வழங்க, அவர் அன்னை நாதிபாயின் பெயரை அது ஏற்றது. 1921இல் ஐந்து பெண்கள் முதன்முதலாகப் பட்டம் பெற்றனர். 1958இல் பாரத ரத்னா விருது பெற்ற கார்வே, நூற்று நான்கு ஆண்டு வாழ்ந்து 1962இல் மறைந்தார்.

சென்னைக் கடற்கரையில்

இதே வினாவுக்குத் தமிழகத்தில் விடை கண்டவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் பிறந்து, பதினொரு வயதில் மணமாகி, விரைவிலேயே கைம்மை எய்தியவர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் அமர்த்தவில்லை, படிக்கவைத்தார். தாமும் கைம்பெண்ணான சிற்றன்னை வாலாம்பாள் துணை நின்றார். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, நான்கு இளம் கைம்பெண்களைக் கொண்டு எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கினார். 1912இல் சாரதா மகளிர் சங்கம் கண்டார். இடம் போதாமையால் இல்லம் கடற்கரையை ஒட்டிய ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடத்துக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பப்பட்ட கட்டடம் அது. 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். பனிக்கட்டி இருந்த இடத்தில் வாடிய சிறுமியர் கல்வியால் தளிர்த்தனர். ஆசிரியைகளாய் மாகாணமெங்கும் சென்றனர்.

வாயிலும் வேலியும்

புகழ்ந்து மட்டும் நிறுத்துவது வரலாறாகாது. ஹிங்ணே இல்லம் தொடக்கத்தில் உயர்சாதிக் கைம்பெண்களுக்கே இடம் அளித்தது. ஐஸ் ஹவுஸ் இல்லமும் பிராமணச் சிறுமியர்க்கே உரியதாயிற்று. வேலி இல்லையேல் பெற்றோர் மகளிரை அனுப்பார் என்னும் அச்சம் அதற்குக் காரணம். சாரதா சதனுக்கு நேர்ந்ததை அனைவரும் கண்டிருந்தனர். காரணம் விளங்குகிறது, எனினும் குறை குறையே. பிராமணரல்லாத புலே இணையர் பிராமணக் கைம்பெண்ணுக்குக் கதவு திறந்த அதே ஊரில், பின்னர் எழுந்த இல்லம் பிறர்க்குக் கதவு திறக்கக் காலம் பிடித்தது. அமெரிக்காவில் நிறம்; இங்கே சாதி. சகோதரி என்னும் சொல்லைச் சொல்வது எளிது. அச்சொல்லின் எல்லையை விரிப்பதே அரிது.

இதனைப் பிறர்மேல் குற்றமாக ஏற்றிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் நவராத்திரிக் கொலு. அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் அன்று காலை முதல் அடுக்களையில் நின்று அனைவர்க்கும் சுண்டல் தாளித்தார். மாலையில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வழங்கியபோது குங்குமச்சிமிழ் அவரைக் கடந்து அடுத்தவரிடம் சென்றது. அவர் கைம்பெண். எவரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் புன்னகை மாறாமல் பாத்திரங்களை எடுத்துவைக்கச் சென்றார். நானும் கண்டேன், வாய் திறந்தேனல்லேன். கார்வே சேற்றில் நடந்த ஊரில் நூறாண்டுக்குப் பின்னும் அச்சிமிழ் ஒருவரைத் தாண்டிச் செல்கிறது. மறு ஆண்டு என் மனைவி முதற்சிமிழை அவரிடமே நீட்டினார். வானம் இடிந்து விழவில்லை. முணுமுணுத்தவர் இருவர், தாமும் அவ்வாறே செய்தவர் நால்வர்.

உற்றார் உறவினரை விட்டுப் பணியின் பொருட்டு வந்து குடியேறிய நமக்கு ஆயத்தின் அருமை தெரியும். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வந்து சேருமுன் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அடுத்த வீட்டுப் பெண்ணே. அத்தகைய துணையை நம் மகளிர் மன்றங்கள் ஓர் அமைப்பாக வளர்க்க வேண்டும். புதிதாய் வந்து விடுதியில் தங்கும் மாணவிக்கும் பணிமகளுக்கும் ஒரு மூத்த சகோதரியை அறிமுகப்படுத்துவது பெரும் செலவன்று.

ஆண்டாள் அருளிய திருப்பாவையில் ஆறாம் பாட்டு முதல் பத்துப் பாட்டுகள் உறங்கும் தோழியரை எழுப்புவதிலேயே செல்கின்றன. வாயில்தோறும் நின்று, ஒவ்வொருத்தியையும் எழுப்பி, உடன் அழைத்துச் சென்ற பின்னரே நோன்பு முன்னேறுகிறது. எவளையும் விட்டுச் செல்ல அவர்களுக்கு மனமில்லை. மார்கழி தோறும் ஔந்தின் குளிர்ந்த விடியலில் அப்பாசுரங்களைப் பாடும் நாம், பாடி முடித்துத் திரும்புகையில் ஒரு முறை எண்ணிப் பார்ப்போம்: நாம் தட்டாமல் கடந்து வந்த கதவு எது?